மாங்கூழ் லேபில் செயற்கை நுண்ணறிவு: முதல் சீசனுக்கான வழிகாட்டி

மே மாதம் பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாம்பழ வாசனைதான். காவேரிப்பட்டினம், பர்கூர், போச்சம்பள்ளி, சந்தூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் டிராக்டரிலும் மினி லாரியிலும் பழம் வந்து இறங்கும். மாங்கூழ் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடும். அந்தக் கூழில் கிருமி எவ்வளவு, இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிற லேப்களும் அதே வேகத்தில் ஓடும். மைக்ரோபயாலஜியோ பயோடெக்னாலஜியோ முடித்த நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு முதல் வேலை இந்த லேப் மேசைகளில்தான் கிடைக்கிறது.

அவர்களுக்காக இதை எழுதுகிறேன். "நம்ம லேப்லயும் ஏஐ கொண்டு வந்துடணும்" என்று ஒருநாள் முதலாளி சொல்லிவிடுவார். அந்த வேலை புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும், அவருக்குத்தானே கம்ப்யூட்டர் தெரியும் என்று. நான் சொல்வது இதுதான்: ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சீசன் முழுக்க அதை மட்டும் ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள். சீசன் முடியும்போது இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க உங்களிடம் ஏதோ ஒன்று இருக்கும். எல்லாச் சோதனைகளையும் ஒரே மூச்சில் கணினிக்கு மாற்றப் போனால், ஜூன் மாத நெரிசலில் எல்லோரும் பழைய ரிஜிஸ்டருக்கே திரும்பிவிடுவார்கள். நான் வேலை பார்த்த இரண்டு லேப்களில் அப்படித்தான் நடந்தது.

நான் எடுத்துக்கொள்ளும் சோதனை மொத்தக் கிருமி எண்ணிக்கை. லேபில் டி.பி.சி. என்பார்கள். கூழைப் படிப்படியாக நீர்த்து, தட்டில் விட்டு, கிருமி வளர்வதற்கான அகார் ஊற்றி, சூட்டைச் சீராக வைக்கும் இன்குபேட்டர் பெட்டியில் வைத்து, முளைத்து வரும் காலனிகளை, அதாவது கிருமிக் கூட்டங்களை, எண்ணுவது. தினமும் நடக்கிற சோதனை. முடிவு கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் படம் எடுக்கலாம். எண்ணுகிறவர் களைத்துப் போகிற சோதனையும் இதுதான், ஆக இயந்திரத்தின் உதவி உண்மையிலேயே தேவைப்படுகிற இடம்.

ஏப்ரலில்: சாம்பிளுக்கு ஒரு நம்பர்

நான் சேர்ந்த முதல் சீசனில் ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளிலிருந்து பெட்டிகள் வந்தன. இரண்டிலும் "பெங்களூரா 12" என்று எழுதிய பாட்டில் இருந்தது. அவரவர் பேட்ச் நம்பர் 12, அவ்வளவுதான். நாங்களும் அதையே தட்டின் மூடியில் எழுதினோம். மூன்றாம் நாள் எண்ண உட்கார்ந்தபோது எது யாருடையது என்று தெரியவில்லை. எங்கள் சீனியர் அக்கா ஒன்றும் திட்டவில்லை. "ரெண்டையும் ஆட்டோகிளேவ்ல போட்டுட்டு, ரெண்டு பேருக்கும் போன் பண்ணி மறுபடியும் சாம்பிள் கேளு தம்பி" என்றார். (ஆட்டோகிளேவ் என்றால் நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் கருவி.) அந்த இரண்டு போன்களையும் இன்னும் மறக்கவில்லை.

அதனால் முதல் படி, பாட்டில் உங்கள் வாசலைத் தாண்டிய உடனே அதற்கு லேபின் சொந்த நம்பரைக் கொடுப்பது. வாடிக்கையாளரின் பேட்ச் நம்பர் தனியாக இருக்கட்டும். நம்பர் ஒரே இடத்திலிருந்து மட்டுமே பிறக்க வேண்டும். இரண்டு மேசைகளில் இரண்டு ரிஜிஸ்டர் இருந்தால் இரண்டு 147 வந்துவிடும். எம்26-0147 என்பதுபோல, முன்னால் ஓர் எழுத்து, வருடம், தொடர் எண் போதும். இதற்குள் ரகம், ஊர், தேதி எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். அவை ஷீட்டில் தனித்தனிக் கட்டங்களில் இருக்கட்டும்.

முன்னால் ஏன் எழுத்து? வெறும் 5-12 என்று போட்டால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். இது நம்மைப் போன்ற சின்ன லேப்களின் பிரச்சினை மட்டும் இல்லை. மனித மரபணுக்களில் செப்ட்2, மார்ச்1 என்ற குறியீடுகள் இருந்தன. எக்செல் அவற்றை செப்டம்பர் 2, மார்ச் 1 என்று மாற்றிக்கொண்டே இருந்தது. 2016-ல் வந்த ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்திருந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதைக் காட்டியது. கடைசியில் 2020-ல் மரபணுக்களுக்கே பெயரை மாற்றினார்கள். தானாக மாற்றுவதை நிறுத்தி வைக்கும் வசதி எக்செலில் 2023-ல்தான் வந்தது. உலகின் பெரிய ஆய்வகங்களையே சறுக்க வைத்த இடம் இது. நாம் தொடக்கத்திலேயே விலகி நடக்கலாம்.

அப்புறம், நம்பரை மூடியில் எழுதாதீர்கள். மூடிகள் மாறிப்போகும். தட்டின் அடிப்பாகத்தில், ஓரமாக எழுதுங்கள். நடுவில் எழுதினால் பின்னால் படம் எடுக்கும்போது மை காலனி மாதிரி தெரியும். பட்ஜெட் இருந்தால் கியூஆர் ஸ்டிக்கர் அடிக்கும் சின்ன பிரிண்டர் வாங்கலாம். மொபைலிலேயே ஸ்கேன் செய்யலாம். ஈரத்தில் ஸ்டிக்கர் உரிந்து வரும் என்பதால் மார்க்கரில் எழுதுவதை விட்டுவிட வேண்டாம்.

ஷீட்டில் ஒரு வரி என்றால் என்ன

கூகுள் ஷீட்ஸோ எக்செலோ லிப்ரே ஆபீஸோ, எது இருக்கிறதோ அது போதும். விலை கொடுத்து லேப் சாஃப்ட்வேர் வாங்குவதை முதல் சீசனில் தள்ளிப்போடுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதே ஒரு சீசன் முடிந்த பிறகுதான் தெரியும். அதற்குப் பிறகும் சேனைட், இலேப்எஃப்டிடபிள்யூ போன்ற இலவசத் திறமூல மென்பொருள்களை முதலில் பார்த்துவிட்டுப் பணம் செலவழிக்கலாம்.

ஒரு வரி என்பது ஒரு தட்டு. ஒரு சாம்பிளுக்கு நான்கு தட்டு போட்டால் நான்கு வரி. சாம்பிள் நம்பர், தேதி, ரகம், டைல்யூஷன் (எத்தனை மடங்கு நீர்த்தது), தட்டில் விட்ட அளவு, அகார் லாட், எந்த இன்குபேட்டர், வைத்த நேரம், எடுத்த நேரம், காலனி எண்ணிக்கை, எண்ணியவர், குறிப்பு. தேதியை 2026-05-17 என்று வருடத்தை முன்வைத்து எழுதுங்கள். 05/06 என்று எழுதினால் மே 6-ஆ ஜூன் 5-ஆ என்று ஆகஸ்டில் யாருக்கும் தெரியாது. மாம்பழ சீசனில் அந்த ஒரு மாதம் ரொம்பப் பெரிய வித்தியாசம்.

ரகப் பெயரில் கவனம் வேண்டும். நம் ஊரில் தோத்தாபுரி, தோதாபுரி, பெங்களூரா, கிளிமூக்கு எல்லாம் ஒரே பழம். உங்களுக்கும் எனக்கும் அது தெரியும். கணினிக்கு அவை நான்கு பழங்கள். அதனால் தட்டச்சு செய்ய விடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி அந்தக் கட்டத்தை அமைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

எண்ணிக்கைக் கட்டத்தில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். காலனி ஒன்றுகூட முளைக்காத தட்டு, எண்ணாமல் விட்ட தட்டு, எண்ண முடியாத அளவுக்கு நிறைந்த தட்டு: இவை மூன்றும் மூன்று வேறு செய்திகள். முதலாவதுக்கு 0. இரண்டாவதுக்குக் கட்டம் காலி, குறிப்பில் காரணம். மூன்றாவதுக்கும் கட்டம் காலி, குறிப்பில் "மிகுதி". மூன்றுக்கும் ஒரு கோடு இழுத்து வைத்தால் பின்னால் எந்தக் கணக்கும் நிற்காது. நிறம் பூசி அடையாளம் வைப்பது, கட்டங்களை ஒன்றாக இணைப்பது, எண்ணுக்குப் பக்கத்திலேயே "சரியா?" என்று கேள்விக்குறி போடுவது, இவையும் வேண்டாம். மனதில் பட்டதை எழுதக் குறிப்புக் கட்டம் இருக்கிறது. அதில் தாராளமாக எழுதுங்கள். "அகார் கொஞ்சம் சூடாக இருந்தது" என்று நீங்கள் எழுதி வைத்த ஒரு வரிதான் மூன்று மாதம் கழித்து ஒரு விநோத எண்ணுக்கு விளக்கமாக இருக்கும்.

கோப்பின் வடிவத்தையும் பாருங்கள். 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் 15,841 கோவிட் தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போயின. பழைய எக்செல் வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகள்தான் கொள்ளும். மிஞ்சியவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. நம் வரிகள் அவ்வளவு வராது. ஆனாலும் மாத முடிவில் ரிஜிஸ்டரில் எத்தனை தட்டு, ஷீட்டில் எத்தனை வரி என்று இரண்டையும் ஒப்பிடும் பழக்கத்தை முதல் மாதமே தொடங்கிவிடுங்கள். பிரதி ஒன்று லேபுக்கு வெளியே இருக்கட்டும்.

இன்குபேட்டர் தனியாக இருக்கும் இரவுகள்

ஒரு சீசனில், இரவு ஒரு மணிக்குப் போன கரண்ட் ஐந்து மணிக்குத்தான் வந்திருக்கிறது. காலை ஒன்பதுக்கு நாங்கள் கதவைத் திறந்தபோது திரையில் 30 டிகிரி என்று அழகாகக் காட்டியது. அந்த வாரத் தட்டுகள் எல்லாம் குழப்பமாக வந்தன. அகாரைச் சந்தேகப்பட்டோம், அளந்து விடும் பிப்பெட்டைச் சந்தேகப்பட்டோம், ஒருவரை ஒருவர்கூடச் சந்தேகப்பட்டோம். எதிர் வீட்டு வாட்ச்மேன் அண்ணன் பேச்சுவாக்கில் சொன்ன பிறகுதான் கரண்ட் போனதே தெரிந்தது. அந்த நான்கு மணி நேரத்தில் உள்ளே எத்தனை டிகிரி ஆனது என்பது இன்று வரை தெரியாது.

டி.எஸ்.18பி20 என்ற நீர்புகா வெப்பநிலை சென்சாரும் இ.எஸ்.பி.32 என்ற வைஃபை உள்ள சின்னக் கணினிப் போர்டும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பொறியியல் படிக்கும் தம்பி தங்கை யாராவது வீட்டில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இணைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிந்தால் போதும். சென்சாரைத் தண்ணீரோ கிளிசரினோ ஊற்றிய சின்ன பாட்டிலுக்குள் வையுங்கள். அப்போதுதான் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் எண் குதிக்காமல், தட்டு உணர்கிற சூட்டை ஒட்டியே காட்டும். போர்டுக்கு ஒரு சின்ன பேட்டரியும் மெமரி கார்டும் கட்டாயம். கரண்ட் போகும்போது வைஃபையும் சேர்ந்து போகும். நமக்குத் தேவைப்படுவது அந்த நேரத்துப் பதிவுதான்.

இந்த சென்சார் அரை டிகிரி வரை முன்பின் காட்டலாம். அதனால் அளவுத்திருத்தச் சான்று உள்ள தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்து, இன்குபேட்டர் ஓடும் சூட்டிலேயே ஒப்பிட்டு, வித்தியாசத்தை எழுதி வையுங்கள். கொதிநீரை 100 டிகிரி என்று வைத்துச் சரிபார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. நம் மாவட்டத்தில் அது எடுபடாது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 97 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். ஆட்டோகிளேவுக்கும் இதே கதைதான். 15 பவுண்டு அழுத்தம் என்றால் 121 டிகிரி என்று புத்தகத்தில் படித்திருப்போம். அது கடல் மட்டத்துக்கான கணக்கு. ஓசூரில் அதே 15 பவுண்டில் சூடு ஒன்றரை டிகிரி அளவுக்குக் குறைவாகவே இருக்கும். எனவே அழுத்தத்தை மட்டும் எழுதாமல் வெப்பநிலையையும் எழுதுங்கள்.

இன்னொன்று. 30 டிகிரியில் 72 மணி நேரம் வைப்பது ஐ.எஸ்.ஓ. 4833 என்ற சர்வதேசத் தர முறை. 35 டிகிரியில் 48 மணி நேரம் வைப்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.-வின் கையேட்டு முறை. எது உங்கள் முறையோ அதில் நில்லுங்கள், இரண்டையும் ஒரே ஷீட்டில் கலக்காதீர்கள். சூடேற்ற மட்டுமே தெரிந்த சாதாரண இன்குபேட்டரால் மே மாதப் பகலில், அறையே 36 டிகிரி இருக்கும்போது, 30-ஐப் பிடித்து வைக்க முடியாது. குளிர்விக்கும் வசதியுள்ள பி.ஓ.டி. இன்குபேட்டர் வேண்டும்.

ஏஐக்கு முன் ஒரு வர்க்கமூலம்

ஒரே டைல்யூஷனில் இரண்டு தட்டு போடுகிறோம் அல்லவா? அந்த இரண்டு எண்களும் கொஞ்சம் வேறுபடத்தான் செய்யும். எவ்வளவு வேறுபடலாம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். வித்தியாசம் அதற்குள் இருந்தால் இயல்பான ஏற்ற இறக்கம்.

ஒரு தட்டில் 168, இன்னொன்றில் 182 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 350. வர்க்கமூலம் ஏறக்குறைய 18.7. இரண்டு மடங்கு 37. வித்தியாசம் 14-தான், சரி. 120, 190 என்று வந்தால்? கூட்டல் 310, எல்லை 35, வித்தியாசம் 70. இங்கே ஏதோ நடந்திருக்கிறது. கலக்கியது போதவில்லை, அல்லது பிப்பெட் சரியாக உறிஞ்சவில்லை, அல்லது எண்ணியதில் பிழை. நல்ல கையிலும் நூற்றுக்கு ஐந்து ஜோடிகள் தற்செயலாக எல்லையைத் தாண்டும், அதற்குப் பதற வேண்டாம். ஒரே பிப்பெட்டில் அடிக்கடி தாண்டினால் பிப்பெட்டைப் பாருங்கள்.

இதை ஷீட்டில் ஒரு சூத்திரமாக எழுதி வைத்தால், எல்லை தாண்டிய ஜோடி அன்றே கண்ணில் படும். வால்டர் ஷூவார்ட் 1924-ல் தொலைபேசிப் பொருள்களின் தரத்துக்காக வரைந்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் அடிப்படையும் இதுதான். 1950-ல் அது மருத்துவ லேப்களுக்கு வந்தது. செயற்கை நுண்ணறிவு என்று முதலாளி கேட்டதில் பாதி நன்மையை இந்த ஒரு கட்டமே தந்துவிடும் என்பது என் கருத்து. கூடவே, இயந்திரம் எண்ணத் தொடங்கும்போது அதைச் சோதிக்கவும் இதே கட்டம் உதவும்.

தட்டைப் படம் எடுப்பது

சீசன் தொடங்கிய முதல் நாளிலிருந்தே எல்லாத் தட்டுகளையும் படம் எடுங்கள். இயந்திரம் தயாராக இல்லாவிட்டாலும் சரி, தட்டு போனால் போனதுதான்.

மொபைலைக் கையில் பிடித்து எடுக்கக் கூடாது. ஓர் அட்டைப் பெட்டியில் மேலே துளை போட்டு, மொபைல் எப்போதும் அதே உயரத்தில் உட்காரும்படி செய்யுங்கள். உள்ளே கறுப்புத் துணி. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, நேராகத் தட்டில் பளிச்சிடாமல். தட்டைத் திறக்க வேண்டாம். கவிழ்த்து வைத்து அடிப்பக்கம் வழியாக எடுத்தால் மூடியின் நீர்த்துளிகளும் தெரியாது, கிருமியும் வெளியே வராது. படத்தில் சாம்பிள் நம்பர் தெரிய வேண்டும், கோப்பின் பெயரும் அதே நம்பராக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமிக்காதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். ஃபில்டர், அழகுபடுத்தல் எதுவும் வேண்டாம்.

நம் கூழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பத்து மடங்கு மட்டும் நீர்த்த தட்டில் மாம்பழ நார்த் துணுக்குகள் அப்படியே கிடக்கும், காலனி போலவே தெரியும். கண்ணுக்கே ஏமாற்றும்போது இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. உங்கள் முறை அனுமதித்தால் அகாரில் டி.டி.சி. சாயம் சேர்க்கலாம், வளரும் பாக்டீரியாக்கள் பல அதைச் சிவப்பாக மாற்றும், நார் நிறம் மாறாது. சில கிருமிகளின் வளர்ச்சியை அது தடுக்கும் என்பதால் சாயம் போட்டும் போடாமலும் சில தட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பழக்கமாக்குங்கள்.

படத்தோடு மனித எண்ணிக்கையும் வேண்டும். குறைந்தது 100 தட்டுகளை இரண்டு பேர், ஒருவர் எண்ணியது மற்றவருக்குத் தெரியாமல், எண்ண வேண்டும். எஃப்.டி.ஏ. கையேடு சொல்வது: ஒருவர் அதே தட்டைத் திரும்ப எண்ணினால் 5 சதவீதத்துக்குள்ளும், இன்னொருவர் எண்ணிக்கையோடு 10 சதவீதத்துக்குள்ளும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் காரணத்தைத் தேட வேண்டும். இதைச் செய்து பார்த்தபோது எங்கள் லேபில் இரண்டு பேருக்குள் ஒட்டிக்கொண்ட காலனிகளை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதிலேயே ஒற்றுமை இல்லை. மனிதர்கள் முதலில் ஒரு முடிவுக்கு வராமல் இயந்திரத்துக்கு எதைக் கற்பிப்பது?

ஆகஸ்டில்: இயந்திரத்தைப் பழக்குவது

கடைசி ரகமான நீலம் மாம்பழமும் ஓய்ந்து தொழிற்சாலைகள் அமைதியானதும் உட்காரலாம். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அந்த இயந்திரம் கற்றது புரதத் தரவு வங்கி என்ற பொதுச் சேமிப்பிலிருந்து. 1971-ல் அது தொடங்கியபோது அதில் இருந்தவை ஏழு புரத வடிவங்கள். ஐம்பது ஆண்டுகளாக உலகெங்கும் ஆய்வாளர்கள் ஒரே ஒழுங்கில் எழுதி வைத்ததால்தான் கற்பதற்கு ஒன்று இருந்தது. மே மாதத்திலிருந்து நீங்கள் நிரப்பிய ஷீட்டும் அந்த வகைதான்.

முதலில் சொந்தமாக எதையும் உருவாக்காதீர்கள். ஓபன்சிஎஃப்யு என்ற இலவச நிரல் 2013-லேயே காலனி எண்ணுவதற்காக வெளிவந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவான இமேஜ்ஜே-யும் இலவசம். உங்கள் படங்களை இவற்றில் போட்டுப் பாருங்கள். வெளிச்சம் ஒழுங்காக இருந்து, நார் இல்லாத தட்டாக இருந்தால் இவையே போதுமானதாக இருக்கலாம். போதவில்லை என்றால் அடுத்த கட்டம், காலனிகளைப் படத்தில் ஒவ்வொன்றாகக் குறித்து, யோலோ போன்ற, படத்தில் பொருள்களைக் கண்டுபிடிக்க ஏற்கெனவே பயிற்சி பெற்ற மாடலுக்கு மேற்பயிற்சி கொடுப்பது. இணையத்திலேயே நிரல் ஓட்டும் கூகுள் கோலாபில் சின்ன அளவில் இலவசமாகவே முயன்று பார்க்கலாம்.

பயிற்சிக்குச் சில படங்கள், சோதனைக்குச் சில படங்கள் என்று பிரிக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். எல்லாப் படங்களையும் கலைத்துப் போட்டுப் பிரித்தால், எம்26-0147-இன் ஒரு தட்டு பயிற்சியிலும் இன்னொன்று சோதனையிலும் விழும். அது பரீட்சைக்கு முன்பே கேள்வித்தாளைக் காட்டுவது மாதிரி. சாம்பிள் வாரியாகப் பிரியுங்கள். அதைவிட நல்லது, மாதவாரியாக: மே, ஜூன் படங்களில் பயிற்சி, ஜூலைப் படங்களில் சோதனை. மே மாதச் செந்தூராவைப் பார்த்துப் பழகியது ஜூலை மாதப் பெங்களூரா நாரைக் கண்டு தடுமாறுகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

முடிவைப் பார்க்கும்போது "இயந்திர எண்ணிக்கையும் மனித எண்ணிக்கையும் 0.98 ஒத்துப்போகிறது" என்ற ஒற்றை ஒட்டுறவு எண்ணில் மயங்க வேண்டாம். எல்லாத் தட்டிலும் சரியாகப் பாதியை மட்டும் எண்ணுகிற இயந்திரத்துக்கும் அந்த எண் 1 என்றே வரும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு தட்டுக்கும் இயந்திரத்துக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்தையும் இரண்டின் சராசரியையும் எடுத்து ஒரு வரைபடம் போடுங்கள். பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இருவர் 1986-ல் பிரபலமாக்கிய முறை இது. எடுத்துக்காட்டாக, 100 காலனி வரை வித்தியாசம் பூஜ்யத்தைச் சுற்றியே இருக்கலாம், 200-ஐத் தாண்டினால் இயந்திரம் குறைத்து எண்ணத் தொடங்கலாம், ஏனென்றால் காலனிகள் ஒட்டிக்கொள்கின்றன. இதுபோல எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்று அந்தப் படம் காட்டிக்கொடுக்கும்.

எஃப்.டி.ஏ. முறையில் 25-க்கும் 250-க்கும் இடைப்பட்ட தட்டுகளைத்தான் கணக்கில் எடுக்கிறோம். அந்த எல்லைக்கு வெளியே போனவை, ஜோடிக் கணக்கில் எல்லை தாண்டியவை, தட்டு முழுக்கப் படர்ந்த காலனி உள்ளவை, இவற்றை மனிதர் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று விதி வைத்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது நீங்கள்.

சாட்பாட்டிடம் என்ன கேட்கலாம்

சூத்திரம் எழுத, சின்ன பைத்தான் நிரல் எழுத, பிழைச் செய்தியைப் புரிந்துகொள்ள நன்றாக உதவும். ஆங்கிலத்தில் தயங்குகிற பிள்ளைகள் தமிழிலேயே கேட்கலாம். ஆனால் அது தருவதைக் கையால் போட்ட கணக்கோடு ஒப்பிடாமல் உபயோகிக்கக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டு. 100 மடங்கு நீர்த்த இரண்டு தட்டுகளில் 212, 198. 1000 மடங்கு நீர்த்த இரண்டில் 26, 29. ஒவ்வொரு தட்டிலும் 1 மில்லி. எஃப்.டி.ஏ. முறைப்படி எல்லாக் காலனிகளையும் கூட்டினால் 465. நான்கு தட்டிலும் சேர்த்து விழுந்த கூழ் 0.01 + 0.01 + 0.001 + 0.001, அதாவது 0.022. அதனால் வகுத்தால் 21,136, முழுமையாக்கினால் கிராமுக்கு 21,000. இரண்டு டைல்யூஷன்களுக்கும் தனித்தனியாகச் சராசரி போட்டு, அந்தச் சராசரிகளின் சராசரியை எடுக்கிற நிரலை சாட்பாட் எழுதித் தந்தால் 24,000 வரும். பார்க்க நம்பும்படிதான் இருக்கும். அதனால் இப்படிக் கையால் போட்ட பத்துக் கணக்குகளை ஒரு தாளில் வைத்துக்கொண்டு, நிரலை மாற்றும்போதெல்லாம் ஓட்டிப் பாருங்கள்.

சட்ட வரம்பு எவ்வளவு, எந்த முறை செல்லும் என்பதை அதனிடம் கேட்காதீர்கள். மூல ஆவணத்தைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளர் பெயரையும் அதில் ஒட்டாதீர்கள். ரத்தப் பரிசோதனை லேபில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பு. நோயாளியின் பெயரும் முடிவும் அவருடையவை, 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே சட்டமும் வந்துவிட்டது.

என்.ஏ.பி.எல். என்ற தேசிய ஆய்வக அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் உள்ள லேப் என்றால், ஆய்வகங்களுக்கான தரமான ஐ.எஸ்.ஓ. 17025-இன் 2017 பதிப்பில் 7.11 பகுதியைப் படியுங்கள். தரவைக் கையாளும் மென்பொருளை உபயோகத்துக்கு எடுக்கும் முன் சரிபார்க்க வேண்டும் என்று அது கேட்கிறது. நீங்கள் எழுதிய எக்செல் சூத்திரமும் அதில் சேரும். மேலே சொன்ன பத்துக் கணக்குத் தாளையும் வரைபடத்தையும் தேதியோடு கோப்பில் வைத்திருந்தால் தணிக்கைக்கு வருபவரிடம் காட்ட ஏதாவது இருக்கும். தவறாக எழுதியதை அழிக்காதீர்கள்; ரிஜிஸ்டரில் ஒற்றைக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்திடுவது மாதிரி, ஷீட்டிலும் பழைய எண், புதிய எண், காரணம் மூன்றும் இருக்கட்டும்.

தர்மபுரி பக்கம் இருப்பவர்களுக்கு

தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் இருந்தால் உங்கள் ஒற்றைச் சோதனை ஃபுளோரைடாக இருக்கட்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதற்காக வந்தது என்று நம் இரண்டு மாவட்டத்துக்கும் சொல்லத் தேவையில்லை. நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பல்லில் கறை படிந்த முகங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்தியத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ இருந்து வரும் பாட்டிலில் ஊர்ப் பெயர் மட்டும் எழுதி வாங்காதீர்கள். போர்வெல்லின் ஜிபிஎஸ் இடம், ஆழம், எடுத்த தேதி மூன்றும் வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் ஒரே போர்வெல்லைப் பார்த்த பதிவு இருந்தால்தான் எந்த இயந்திரமும் எதையாவது கற்கும்.

அடுத்த மே

புது சீசன் தொடங்கும்போது அகார் லாட் மாறியிருக்கும், யாராவது மொபைலை மாற்றியிருப்பார்கள், பெட்டிக்குள் துணி வெளுத்திருக்கும். அதனால் முதல் லோடு செந்தூரா வந்து இறங்கியதும், முதல் 30 தட்டுகளை இயந்திரமும் எண்ணட்டும், இரண்டு பேர் தனித்தனியாகவும் எண்ணட்டும். அதே வரைபடத்தில் அந்த 30 புள்ளிகளையும் வேறு நிறத்தில் போடுங்கள். பழைய புள்ளிகளுக்குள்ளேயே விழுந்தால் எண்ணும் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம். வெளியே விழுந்தால் காரணம் தெரியும்வரை அந்த வாரம் கையால்தான் எண்ண வேண்டும்.